அரைக் கிலோ குட்டிக்கு ஏன் இவ்வளவு பசி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "முகநூலில் 'டீகப்' பொமரேனியன் குட்டி விற்கிறார்கள். வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாதாம். ஆனால் மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சாப்பாடு கொடுக்கணுமாம். எங்கள் தோட்டத்து வீட்டு நாய் ராத்திரி மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் முழுக்கச் செம்பனைக் காட்டில் சுற்றுகிறது. இதற்கு மட்டும் ஏன் இப்படி?"

விளம்பரத்திலேயே உருப்படியான தகவல் அந்த மூணு மணி நேரம்தான்.

'டீகப்' என்று ஓர் இனமே கிடையாது, அது வியாபாரிகள் வைத்த பெயர். அமெரிக்கக் கென்னல் கிளப்பின் அளவுப்படி பொமரேனியன் சுமார் 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்கும். சின்ன இனங்கள் சின்னதாக இருப்பதில் ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது 2007இல் தெரிந்தது. சின்ன உடலுக்கான அந்த மரபணு வடிவம் 54,000 ஆண்டுப் பழைய சைபீரிய ஓநாய் ஒன்றிலேயே இருந்ததை 2022இல் கண்டுபிடித்தார்கள். ஆக, சின்ன நாய் என்பதே கோளாறு இல்லை. இனத்தின் அளவுக்கும் கீழே இறக்கத்தான் குறுக்குவழிகள்: ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்தவற்றை ஒன்றோடொன்று இணைசேர்ப்பது, தீனியைக் குறைப்பது, பிஞ்சுக் குட்டிக்கு வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது.

சரி, பசிக்கு வருவோம். கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் மத்தியானம் வரை சூடாக இருக்கும்; அதையே ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். உடல் சிறுக்கச் சிறுக்க எடை வேகமாகக் குறையும், தோல் பரப்பு அவ்வளவு வேகமாகக் குறையாது. 16 கிலோ தோட்டத்து நாயோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ நாய்க்குத் தன் எடைக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு தோல். சூடு போகும் வழி அவ்வளவு அகலம். நம்மூர் வெயிலில் பரவாயில்லை என்று நினைக்கலாம், ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குட்டியை யாரும் வாசலில் விடுவதில்லை, ஏர்கோன் அறையில்தான் வைக்கிறார்கள்.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. கிலோ எடையின் முக்கால் அடுக்கை (அடுக்கு எண் 3/4; 16க்கு அது 8, ஒன்றுக்கு ஒன்றே) 70ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளுக்கு வேண்டிய கிலோகலோரி வந்துவிடும். 16 கிலோ நாய்க்கு 560, அதாவது கிலோவுக்கு 35. ஒரு கிலோ நாய்க்கு 70. சரியாக இரண்டு மடங்கு! வளரும் குட்டி என்றால் இன்னும் மேலே போகும்.

செலவு இப்படி ஏறுகிறது, கையிருப்போ ஏறவில்லை. சாப்பாட்டு இடைவெளியில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரலில் கிடக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை. கல்லீரலே சுண்டைக்காய் அளவு என்றால் அதில் எவ்வளவு தங்கும்? அது தீர்ந்தால் தசைப் புரதத்திலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க வேண்டும். குட்டிக்குத் தசையும் குறைவு, அந்த வேலையில் கல்லீரலும் இன்னும் தேறவில்லை. இதற்கு நடுவே மூளை. சின்ன நாய்க்கு உடம்போடு பார்த்தால் மூளை பெரிது, அது குளுக்கோஸை நம்பியே ஓடுகிறது. ஒருவேளைச் சாப்பாடு தவறினால் தள்ளாட்டம், நடுக்கம், அப்புறம் வலிப்பு.

அந்த வலிப்பைப் பார்த்துக் கண்பட்டுவிட்டது என்று கறுப்புக் கயிறு கட்டுகிறார்கள். கயிறு கட்டும் நேரத்தில் சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தடவலாம். வாய்க்குள் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். தடவியபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும். சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த 'சர்க்கரை இல்லாத' பண்டம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது இன்சுலினைக் கிளப்பி, இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும்.

மூடாத உச்சிக்குழி, நழுவும் முழங்கால் சில்லு, 42 பற்களும் நெருக்கியடிக்கும் தாடை என்று மற்ற தொல்லைகள் தனி. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், வாரிசுக்கு வேதனை தரும் என்று தெரிந்தே செய்யும் இனப்பெருக்கத்தைத் தடை செய்கிறது. நம் மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அது குட்டி பிறந்த பிறகு நடக்கும் கொடுமையோடு நிற்காமல், எந்த நாயை எதோடு சேர்க்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

குட்டியைப் பார்க்கப் போனால் வாயைத் திறந்து பாருங்கள். பால்பற்கள் மொத்தம் 28, பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். மூன்று மாதக் குட்டி என்று சொல்லிப் பின்பற்கள் இல்லாத வாயைக் காட்டினால், மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் பணம் என்று சொல்லிவிடுங்கள்.