முருங்கையில் கம்பளிப்பூச்சியா? மருந்து டப்பாவைத் தேடாதீர்கள்

மழை விட்டுச் சில வாரங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்: "சார், முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. என்ன மருந்து அடிக்கலாம்?"

போன வருடம் ஒரு அம்மா பேசினார். பருத்திக்கு வாங்கி மிச்சமிருந்த மோனோகுரோட்டோபாஸை அவர் மகன் முந்தின நாள் மரத்தில் அடித்துவிட்டார். "பூச்சி செத்துருச்சு, கீரையை எப்பப் பறிக்கலாம்?" என்று கேட்டார். எனக்குப் பதறிவிட்டது. காய்கறிகளில் அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை செய்த மருந்து அது. இலைக்குள் ஊடுருவி நிற்கும், கழுவினால் போகாது. இலை, காய் எதையும் தொடாதீர்கள், ஆட்டுக்கும் ஒடித்துப் போடாதீர்கள் என்றேன்.

இத்தனைக்கும் இந்தப் புழுவை ஒழிக்க விஷமே தேவையில்லை. இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும். பகலில் அடிமரத்தில் கம்பளியைச் சுற்றியதுபோல் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். அந்த நேரம்தான் நமக்கு வாய்ப்பு. அகலமான வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து அடியில் வைத்து, நீளக் கம்பில் கட்டிய பழைய விளக்குமாற்றால் வழித்துத் தள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி கட்டாயம். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். பந்தம் கொளுத்திக் கருக்குவது பழைய வழக்கம்தான், ஆனால் பட்டை வெந்துவிடும், கூரை பக்கத்தில் இருந்தால் ஆபத்து. உயரத்தில் இருப்பவற்றுக்கு மீன் எண்ணெய் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். புழு சின்னதாக இருக்கும்போதே செய்தால்தான் பலன்.

சரி, புழுவின் முடி உடம்பில் பட்டுவிட்டால்? திருநீறு போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்க்கத் தேய்க்க முடி உள்ளேதான் போகும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புழு கண்ணில் படவில்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிக் கிடக்கும். மரத்தைச் சுற்றிக் கொத்திவிட்டால் கோழியே பொறுக்கிவிடும். அடுத்த மழைக்குப் பிறகு இலைகளைப் பிரித்துப் பாருங்கள். முட்டைக் குவியல் தென்பட்டால் அந்த இணுக்கை ஒடித்து எரித்துவிடுங்கள்.