தூளாகும் முன் கல்லைப் பார்த்தல்

கோலாலம்பூர் மருத்துவமனைகளில் இன்று நடைபெறும் சிறுநீரகக் கல் அறுவைகளில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, கேமரா பொருத்திய வளையும் குழாய் ஒன்று சிறுநீர் வெளியேறும் வழியாகவே சிறுநீரகம் வரை செலுத்தப்படுகிறது. கல் திரையில் தெரிந்த உடனே அதைத் தூளாக்கும் லேசரை இயக்கும் மருத்துவர், அந்தக் கல் ஏன் உண்டானது என்பதற்கான சான்றையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். நுண்தூளில் ஆய்வகத்துக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. மிஞ்சுவதிலும் லேசரின் வெப்பத்தால் சில படிகங்கள் உருமாறியிருக்கலாம்.

பிரான்சின் மிஷெல் டோடோன் 1993இல் கற்களின் மேற்பரப்பு, வெட்டுமுகம், வேதிக் கூறு ஆகியவற்றை இணைத்து வகைப்பாடு ஒன்றை வெளியிட்டார். அறுவையின்போதே திரையில் கல்லைப் பார்த்து அதன் வகையைக் கண்ணால் இனங்காணும் முறைக்கு அதுவே அடிப்படை. கரும்பழுப்பு நிறமும் வழவழப்பான புடைப்புகளும் கொண்டு, உடைத்த முகத்தில் வளைய அடுக்குகளும் மையத்திலிருந்து விரியும் கோடுகளும் காட்டினால், அது பெரும்பாலும் கால்சியமும் ஆக்ஸலேட் என்ற உப்பும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட். சிறுநீரில் ஆக்ஸலேட் மிகுதி என்று ஐயப்பட இடமுண்டு. மாமாக் கடையில் பாலில்லாத தே ஓ பல குவளை குடிப்பவரா என்று நோயாளியைக் கேட்பதும் வீணாகாது, ஏனெனில் தேநீரில் ஆக்ஸலேட் உண்டு, பாலின் கால்சியமோ அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மாறாக, வெளிர்பழுப்பில் கூர்மையான படிகங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது அதே கால்சியம் ஆக்ஸலேட்டின் இன்னொரு படிக வகையான டைஹைட்ரேட். அங்கே கவனிக்க வேண்டியது சிறுநீரில் கால்சியம் மிகுந்துள்ளதா என்பதே.

ஆரஞ்சு நிற யூரிக் அமிலக் கல், சிறுநீர் அமிலத்தன்மை மிகுந்த நீரிழிவு நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தைக் கொடுத்து அதைக் கரைக்கவும் முடியும். தேன்மெழுகு போல் மஞ்சளாக மின்னும், சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தாலான கல் மரபுவழி நோயைக் குறிக்கிறது, ஆகவே குடும்பத்தாரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

என் கணிப்பில், மேற்பரப்பைவிட மையமே முக்கியம். மேற்பரப்பு கல்லின் அண்மைக் காலத்தைக் காட்டும். தொடக்கம் உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் குழிந்து வெண்ணிறமாக இருந்தால், அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் 1937இல் விவரித்த, சிறுநீரகத் திசுவில் உண்டாகும் கால்சியம் பாஸ்பேட் படிவின் மேல் அந்தக் கல் ஒட்டி வளர்ந்தது என்று பொருள். ஆகவே முதலில் கல்லை இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தைப் படமெடுத்த பிறகே பொடியாக்குவது நல்லது.

எனினும் இரத்தம் கலந்த நீரும் கேமராவின் நிறச் சீரமைப்பும் கண்ணை ஏமாற்றும். கற்களில் பெரும்பாலானவை கலப்புக் கற்கள். எனவே மையத்திலிருந்து ஒரு துண்டையாவது கம்பிக்கூடையால் எடுத்து, கல்லின் வேதிக் கூறுகளைக் கண்டறியும் அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.