கோணல் கட்டையிலும் வில் இருக்கிறது

மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை. நடுவில் ஒரு கோணல், ஆங்காங்கே கணு, பட்டையை உரித்தால் லேசான முறுக்கு. அடுப்புக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் கோடரி, கத்தி, அரம் மூன்றோடு பொறுமையும் சேர்ந்தால், அதே கிளையிலிருந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வில்லைச் செதுக்கி எடுக்கலாம். வில் உடைந்தால் பலரும் மரத்தைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குறை, அந்த மரத்துக்குப் பொருந்தாத வடிவத்தைக் கொடுத்ததில்தான் இருக்கும்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் நீள்கிறது. இதை வில்லின் முதுகு என்போம். எய்பவரைப் பார்த்த பக்கம், அதாவது வயிறு, அமுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நீளாமலும் அமுங்காமலும் ஓர் அடுக்கு இருக்கிறது. நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் தாங்கும் வலு, அமுக்கினால் தாங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் நார் அறுபடாத முதுகு எளிதில் முறியாது. முதலில் தளர்வது வயிறு. அங்கே நார்கள் நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தபடியே நின்றுவிடும். இந்தத் தங்கு வளைவு ஏறினால் வில் சோம்பிப்போகும். மேலும் நசுங்கினால் வயிற்றின் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரியும்.

மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும்: வில்லின் தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். 2 செ.மீ. தடிமனுள்ள கட்டையை 1 மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் மேற்பரப்பு 1 சதவீதம் நீள்கிறது. அந்த அளவை நெருங்கும்போதே பல மரங்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தடிமனை 1.6 செ.மீ. ஆக்கினால் அது 0.8 சதவீதமாக இறங்கும், மரம் மூச்சுவிடும். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுவதால் பாதியாகிவிடும். அதை ஈடுகட்ட அகலத்தை இரட்டிப்பாக்கினால் போதும். மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்ற கணக்கில் அகலம் வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகலம் கூடினால் வலு கூடும். மரம் படும் பாடு கூடாது. சுமாரான மரத்திலும் வில் செய்ய முடிவதற்கு அடிப்படை இதுதான்.

1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அவை ஒடுங்கியவை, தடித்தவை, வயிறு உருண்டவை. யூ மரத்தில் அது செல்லும்: வெளியே இருக்கும் சாற்றுக்கட்டை இழுவையை நன்றாகத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரக்கட்டை அமுக்கத்தைத் தாங்கும். அந்த அழகான வடிவத்தைக் கண்ணில் பட்ட கிளையில் பிரதி எடுப்பதுதான் புதிதாகச் செய்பவர்களின் விற்கள் வீணாகப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். சாதாரண மரத்துக்கு வழிகாட்டி வேறொன்று. 1944இல் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுப் பழைய எல்ம் மர வில் அது. பிடி ஒடுங்கி, அதன் இருபுறமும் வளையும் கரங்கள் அகன்று தட்டையாக இருக்கின்றன. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மனும் அவரைப் போன்றவர்களும் வில்லை ஆய்வுக்கூடக் கண்ணோடு அளந்து பார்த்துத் தட்டையான செவ்வக வெட்டுமுகத்தையே பரிந்துரைத்தார்கள். கற்கால மனிதர் கையால் கண்டதும் அதுவே. இந்த ஒற்றுமை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சிறு கிளைக்கு ஒரு நற்பேறும் உண்டு. பட்டைக்கு அடியில் இருக்கும் வழவழப்பான மேற்பரப்பில் நார்கள் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடுகின்றன. அதை அப்படியே முதுகாக விட்டு, வயிற்றுப் பக்கத்தை மட்டும் செதுக்க வேண்டும். முதுகில் கத்தியே படக் கூடாது. கிளை மெலிந்தது என்பதால் முதுகு உருண்டிருக்கும், இழுவை அதன் உச்சிக் கோட்டில் குவியும். இழுவையில்தான் மரம் வலியது என்பதால் அது தாங்கிக்கொள்ளும். தட்டையாகச் செதுக்கிய அகன்ற வயிறு அமுக்கத்தைப் பரப்பிக்கொள்ளும்.

கணு இருக்கும் இடத்தில் நார்கள், பாறையைச் சுற்றி ஓடும் ஆற்றைப் போல, விலகிப் போய் மறுபடி சேர்கின்றன. அங்கே முதுகு புடைத்திருந்தால் சமப்படுத்த ஆசை வரும். சமப்படுத்தினால் நார்கள் அறுந்து, அந்த இடத்திலிருந்தே சிராய் கிளம்பும். புடைப்பை விட்டுவிட்டு, அவ்விடத்தில் பக்கவாட்டில் சிறிது கூடுதல் மரம் வையுங்கள். பக்கவாட்டுக் கோணலுக்கும் இதே நியாயம்தான். நூல் பிடித்து நேர்கோடு போடாமல், நார் போகும் வழியிலேயே வில்லின் விளிம்பை வரைய வேண்டும். வில் பாம்பு போல நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. இரு முனைகளிலும் நாண் மாட்டும் வெட்டுகளான குதைகளை இணைக்கும் நாண் பிடியின் மேல் வந்து விழுந்தால் போதும்.

விழாவிட்டால் நீராவி உதவும். ஈரமும் சூடும் சேரும்போது நார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகுகிறது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணிநேரம் என்பது கைவினைஞர்களின் வாய்பாடு. இளகியதும் வளைத்துக் கட்டி ஆறவிட்டால், ஆறிய வடிவத்திலேயே நின்றுவிடும்.

பச்சை மரம் எளிதில் வளையும், ஆனால் வளைந்தபடியே தங்கிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்த மரம் படாரென்று முறியும். 8 முதல் 10 சதவீத ஈரம் வில்லுக்கு ஏற்றது. வெட்டிய உடனே இரு முனைகளிலும் பசையோ பெயின்ட்டோ பூசுங்கள்; இல்லாவிட்டால் முனைகள் மட்டும் முந்திக் காய்ந்து விரிசல் விடும். கட்டையைச் சில நாள்களுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால், அந்த இடத்துக் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: இரு கரங்களும் சீராக வளையும்படி வயிற்றைச் சீவுவது. வில்லின் பிடியை ஒரு கம்பத்தின் தலையில் கிடத்தி, நாணைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து, தள்ளி நின்று பார்ப்பார்கள். வளையாமல் விறைத்து நிற்கும் பகுதியில் மட்டும் மரத்தைச் சுரண்டுவார்கள். அதிகமாக வளையும் பகுதியைத் தொடவே மாட்டார்கள். ஓரிடத்தில் தடிமன் 10 சதவீதம் குறைந்தாலே விறைப்பு 27 சதவீதம் போய்விடும். அந்த இடம் கூடுதலாக வளையும். வளைவதால் அங்கே வயிற்று நார்கள் நசுங்கும். நசுங்கியதால் இன்னும் தளரும். தளர்ந்ததால் இன்னும் வளையும். கதவுக் கீல் போலாகிவிட்ட அந்த இடத்தில்தான் வில் முடியும். ஆகவே சுரண்டுவது சிறிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் வில்லைப் பலமுறை மெல்ல இழுத்து விட வேண்டும். நீக்கிய மரத்தின் விளைவு உடனே முழுதாகத் தெரியாது.

கோணல் மரத்தில் கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மரம் உணர்வது நாம் பார்க்கும் வளைவை அல்ல, வளைவில் ஏற்படும் மாற்றத்தை. முதலிலேயே முன்புறம் நிமிர்ந்திருந்த பகுதி, முழுதாக இழுக்கும்போது நேராகத் தெரிந்தால், அது சும்மா இருப்பதாக நினைத்துச் சுரண்டிவிடுவோம். உண்மையில் அதுவும் தன் பங்குக்கு வளைந்து முடித்திருக்கும். முதலிலேயே பின்புறம் வளைந்திருந்த பகுதி, ஒன்றுமே செய்யாமல் நன்றாக வளைவதாக நடிக்கும். அதனால் வில்லின் ஓய்வு வடிவத்தை ஒரு பலகையில் வரைந்துகொண்டு, இழுத்த வடிவத்தை அதோடு ஒப்பிட வேண்டும். நல்ல கோணல் வில், முழுதாக இழுத்த நிலையிலும் தன் நெளிவுகளைத் தக்கவைத்துக்கொள்ளும்.

இழுப்பின் அளவைச் சுருள்வில் தராசில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். 18 கிலோ வில் வேண்டுமென்றால், செதுக்கும் காலம் முழுவதும் தராசு 18 கிலோ காட்டியதும் நிறுத்திவிட வேண்டும், நாண் எவ்வளவு குறைவாக வந்திருந்தாலும். அந்த வில்லின் நாணை அரை மீட்டர் பின்னுக்கு இழுத்தால் 40 ஜூலுக்கு மேல் ஆற்றல் சேரும். அம்பு அதில் பெரும்பங்கை எடுத்துப் போகிறது. மீதி, கரங்களை அசைப்பதில் கழிகிறது. முனைகள்தான் மிக வேகமாக நகர்கின்றன என்பதால் அங்கே மரம் மெலிந்திருந்தால் அம்பின் வேகம் கூடும். அம்பில்லாமல் நாணை விட்டால் எடுத்துப்போக ஆளில்லாமல் அத்தனையும் மரத்திலேயே இறங்கும். நன்றாகச் செய்த வில்லும் அப்படி முறியும்.

கடைசியில் வில் முழுவதும் எண்ணெயோ மெழுகோ தேய்த்தால் ஈரம் ஏறி இறங்குவது மட்டுப்படும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். பளுவில் நெடுநேரம் நிற்கும் மரம் மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். நாண் பூட்டியபடியே மாட்டிவைத்த வில்லில் ஒரு அம்பும் எய்யாமலே தங்கு வளைவு ஏறிவிடும்.