பெட்ரோலுக்குத் தமிழ் எது? எள்ளிலிருந்து கல்லுக்குப் போன நெய்

சின்ன வயதில் ரேஷன் கடைக்குப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வருவது என் வேலை. நீல நிறத்தில் இருக்கும். கேனின் வாயில் தகரப் புனலைச் செருகி, நீளப் பிடி வைத்த லிட்டர் அளவையால் மொண்டு ஊற்றுவார்கள். புனல் ஓரம் வழிந்தது கையில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை வாடை போகாது. பாட்டி அதைக் 'கிருஷ்ணாயில்' என்பார். கெரசின் ஆயில் அவர் வாயில் அப்படி ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அது 'சீமெண்ணெய்', சீமையிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய். ரேஷன் அட்டையில் எழுதியிருந்தது 'மண்ணெண்ணெய்'.

ஒரே பொருளுக்கு மூன்று பெயர். முதல் பெயர் அயல்மொழி ஒலியை நம் நாக்குக்குப் பழக்கியது. இரண்டாவது, யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறது. மூன்றாவது, எதிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்கிறது. பெட்ரோல், பெட்ரோலியம், கச்சா எண்ணெய், மாற்று எரிபொருள் என்று நாம் தினமும் புழங்கும் சொற்களுக்கு நேர்த்தமிழ் தேடும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது வகைப் பெயர்தான் வேண்டும். உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரே நினைவுபடுத்த வேண்டும்.

பெட்ரோலியம் என்ற சொல்லை உடைத்தால் இரண்டு துண்டு. 'பெட்ரா' என்றால் கிரேக்கத்தில் பாறை. 'ஓலியம்' என்றால் இலத்தீனில் எண்ணெய். பாறை எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் அந்த 'ஓலியம்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மனசுக்கு இதமான ஒரு செய்தி கிடைக்கிறது. கிரேக்கத்தில் 'எலையா' என்பது ஆலிவ் மரம். 'எலையோன்' அதன் காயைப் பிழிந்த எண்ணெய். அதுவே இலத்தீனில் ஓலியம் ஆகி, பிறகு எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. ஆங்கிலத்தின் 'ஆயில்' அந்த வழியில் வந்ததே.

நம் எண்ணெயின் கதையும் அச்சு அசல் இதே கதை. எள் + நெய் = எண்ணெய். 'எள் என்றால் எண்ணெயாக நிற்பான்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொலவடைக்குள் சொல்லின் பிறப்பு அப்படியே இருக்கிறது. நெய் என்பது பழந்தமிழில் பசுநெய்யை மட்டும் குறிக்கவில்லை. பிசுக்கும் வழவழப்பும் உள்ள எதற்கும் அது பெயர். விளக்குக்கு ஊற்றியதும் நெய், கூந்தலுக்குத் தடவியதும் நெய். குருதிக்கே 'நெய்த்தோர்' என்று ஒரு பெயர் இருந்தது. வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். அப்புறம் எண்ணெய் என்பது எள்ளை மறந்து பொதுச்சொல் ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்று எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டது. கடைசியில் எள்ளின் எண்ணெயைத் தனியாகச் சொல்ல 'நல்லெண்ணெய்' என்று புதிதாக ஒரு பெயர் தேவைப்பட்டது.

கிரேக்கனுக்கு ஆலிவ், தமிழனுக்கு எள். இருவரும் தத்தம் நிலத்துச் செடியின் பெயரைத்தான் பாறையிலிருந்து வந்த கறுப்புத் திரவத்துக்கும் கொடுத்திருக்கிறோம். எள் விதைத்தால் எண்பது, தொண்ணூறு நாளில் செக்குக்கு வந்துவிடும். பாறைக்குள் இருப்பதோ கடல்வாழ் நுண்ணுயிர்கள் மண்ணுக்கடியில் புதைந்து, அழுத்தத்திலும் சூட்டிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து உருவானது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

பிற மொழிகள் என்ன செய்தன? சீனத்தில் 'ஷியோ', அதாவது கல் எண்ணெய். 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர் எழுதிய பெயர் அது. ஜெர்மானியர் 'எர்ட்ஓல்' என்று மண்ணெண்ணெய் என்ற பொருளிலேயே சொல்கிறார்கள், ஆனால் பெட்ரோலியத்துக்கு. இந்தியில் 'மிட்டி கா தேல்', மலாயில் 'மின்யாக் தானா', மலையாளத்தில் 'மண்ணெண்ண'. மூன்றுக்கும் பொருள் மண்ணின் எண்ணெய், மூன்றும் இன்று குறிப்பது கெரசினை. பர்மாவின் ஏனஞ்சாவுங் பகுதியில் நிலத்தில் ஊறிய எண்ணெயை ஆங்கிலேயர் 'எர்த் ஆயில்' என்று எழுதினார்கள். அது இந்திய மொழிகளில் வழங்கிய பெயரின் நேர் மொழிபெயர்ப்பு என்று 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் சொல்லகராதி குறிக்கிறது. ஆக, மண்ணெண்ணெய் என்பது யாரோ ஒரு பண்டிதர் மேசையில் உட்கார்ந்து ஆக்கிய சொல் அல்ல. மக்கள் கண்டு வைத்த பெயர். விளக்குக்கு வந்த வடித்த எண்ணெய்க்கு அது ஒட்டிக்கொண்டதால் மூலப்பொருளுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தில்தான் 'கன்னெய்' வருகிறது. கல் + நெய் = கன்னெய். நல் + நூல் நன்னூல் ஆவது போல. எள்ளின் 'ள்' நெய்யோடு சேர்ந்து எண்ணெய் ஆனது; கல்லின் 'ல்' அதே நெய்யோடு சேர்ந்து கன்னெய் ஆகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்: எண்ணெய், கன்னெய். ஒன்று செடியின் நெய், மற்றது கல்லின் நெய். பாறை எண்ணெய், கல்லெண்ணெய் என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் விளங்கும், பிழையும் இல்லை. ஆனாலும் கல்லுக்குள் எள்ளைக் கொண்டுவந்து வைப்பானேன்?

பெட்ரோலியத்துக்குக் கன்னெய் சரி. பெட்ரோலுக்கும் அதுவேயா? பல சொற்பட்டியல்கள் அப்படித்தான் போட்டிருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெட்ரோல் என்பது ஒரு வணிகப் பெயர். லண்டனில் ஹாக்னி விக் பகுதியிலிருந்த கார்லெஸ், கேப்பல் அண்ட் லெனர்ட் நிறுவனம் 1890களில் மோட்டார் வண்டிகளுக்கென வடித்து விற்ற லேசான எண்ணெய்க்கு இட்ட பெயர் அது. பதிவுசெய்த வணிகக் குறியாக்க முயன்றார்கள், கிடைக்கவில்லை. அதனால் எல்லாரும் புழங்கும் சொல்லாயிற்று. அமெரிக்காவில் அதே திரவம் கேசோலின், ஜெர்மனியில் பென்சின். கன்னெய்யைச் சூடாக்கி வடிக்கும்போது முதலில் எரிவாயு, பிறகு பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார் என்று கொதிநிலைப்படி பிரிகின்றன. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் நடப்பது இதுதான். தாய்க்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்தால் மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பெட்ரோலைப் பெட்ரோல் என்றே சொல்லலாம். இலங்கைத் தமிழர் 'பெற்றோல்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் 'ற்ற' உச்சரிப்பில் அது ஆங்கில ஒலிக்கு நம்மைவிட நெருக்கமாகவே நிற்கிறது.

டீசலுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், அது ஆள் பெயர். ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்தவர். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலில் காணாமல் போனார். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் வடிவமைத்த வகை என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய்கள் ஒருநாள் கன்னெய்க்கு ஈடாக வரும் என்று டீசல் பிற்காலத்தில் பேசினார். இன்று 'மாற்று எரிபொருள்' என்கிறோமே, டீசல் என்ஜினுக்கு அது கைக்குழந்தைப் பருவத்திலேயே கொடுத்துப் பார்த்த பால்.

'கச்சா எண்ணெய்' என்பதில் கச்சா இந்தியிலிருந்து வந்தது: பக்குவப்படாதது. அதன் எதிர்ச்சொல்லான பக்காவும் நம்மோடுதான் இருக்கிறது. தமிழில் பக்குவப்படாததைப் 'பச்சை' என்போம்: பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை. ஆனால் இன்று 'பச்சைக் கன்னெய்' என்று எழுதினால் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இலங்கைச் செய்திகளில் கச்சா எண்ணெயை 'மசகு எண்ணெய்' என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் மசகு எண்ணெய் என்றால் இயந்திரத்துக்கு இடும் உயவு எண்ணெய். மசகு என்பதே மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட கருமை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வது. இந்தக் குழப்பம் எதுவும் வேண்டாம். பாறையிலிருந்து வந்தபடியே இருப்பது கன்னெய். வடித்த பின் அதற்குத் தனிப்பெயர். கச்சா என்ற அடைமொழிக்கே வேலை இல்லை.

இன்னொரு சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது: எண்ணெய்க் கிணறு. கிணறு என்றதும் தமிழ் மனம் 'இறைக்கிற கிணறு ஊறும்' என்று நம்பிக்கை கொள்கிறது. இது ஊறாத கிணறு. இறைக்க இறைக்க உள்ளழுத்தம் குறையும், எண்ணெயோடு வரும் தண்ணீர் கூடும், பிறகு பம்ப் வைத்து இழுக்க வேண்டியிருக்கும். 1956இல் கிங் ஹப்பர்ட் என்ற நிலவியலாளர், அமெரிக்க எண்ணெய் எடுப்பு 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சம் தொட்டுச் சரியும் என்றார். 1970இல் தொட்டது, சரிந்தது. பிறகு களிப்பாறையை உடைத்து எடுக்கும் முறை வந்து, 2018இல் அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டியது. அதனால் 'நாளையே தீர்ந்துவிடும்' என்று நான் எழுத மாட்டேன். எளிதில் கிடைத்தது அருகிவிட்டது, அரிதில் கிடைப்பதைத் தோண்டுகிறார்கள். 'அருகுதல்' என்ற சொல் அதற்குப் பொருத்தம்.

மண்ணுக்கடியில் தீருவதற்கு வெகுகாலம் முன்பே மனிதர்களுக்குத் தீர்ந்துவிடும் என்பதைத் தமிழர்கள் பட்டு அறிந்திருக்கிறோம். 1990இல் வட இலங்கை மீது பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத பொருளாயிற்று. கார்புரேட்டரில் சில துளி பெற்றோலை விட்டு என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. இரவில் வெறும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். 2022இல் இலங்கை முழுக்க எரிபொருள் வரிசை நீண்டபோது தீர்ந்துபோயிருந்தது நிலத்தடி எண்ணெய் அல்ல, அதை வாங்கும் டாலர். தன் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவும் இதை யோசிக்க வேண்டும்.

அந்த யோசனையின் பலன்தான் எத்தனால். அதற்குத் தமிழில் வெகுநாளாகப் புழக்கத்தில் உள்ள பெயர் 'எரிசாராயம்'. 2025இல் இந்தியப் பெட்ரோலில் அதன் பங்கு 20 விழுக்காட்டைத் தொட்டது. பிரேசில் 1975இலேயே கரும்பை நம்பி இந்த வழியில் இறங்கிவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எரிசாராயத்தில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஆற்றலில் ஆறேழு விழுக்காடு குறையும். அதைவிட எனக்குக் கவலை தருவது, அது கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது என்பது. எள் வயலுக்கே திரும்பி வந்துவிட்டோம், ஆனால் இந்த முறை வண்டியும் வயிறும் ஒரே வயலைப் பார்த்து நிற்கின்றன. உணவுப் பயிரைத் தொடாமல் காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று 2003 வாக்கில் பெரிய திட்டம் போட்டார்கள். தண்ணீர் காட்டாத தரிசில் அது சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. சிஎன்ஜியை, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவை, மாற்று என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. புகை குறைவு, உண்மைதான். ஆனால் அதுவும் பாறைக்குள்ளிருந்து வருவதுதான், கன்னெய்யின் உடன்பிறப்பு.

இப்போது 'எரிபொருள்' என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. எரிபொருள் வினைத்தொகை: எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள். எரிந்தால் மீளாது என்பது அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. மின்வண்டியில் எதுவும் எரிவதில்லை. மின்கலம் மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கிறது, காலியானால் மறுபடி வாங்கிக்கொள்கிறது. ஹைட்ரஜன் கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரத்தையும் தண்ணீரையும் தருகின்றன, அங்கும் தீ இல்லை. ஹைட்ரஜனுக்கு நாம் வைத்த 'நீரகம்' என்ற பெயர் அந்தத் தண்ணீரைச் சொல்லிவிடுகிறது. ஆகவே மின்சாரத்தையும் சேர்த்துப் பேசும்போது 'மாற்று ஆற்றல்' என்று எழுதுங்கள். 'மாற்று எரிபொருள்' என்பதை எரிசாராயம், தாவர டீசல் போன்று உண்மையிலேயே எரிகிறவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மின்சாரம் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருமானால், தீ வண்டியை விட்டு இடம் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பேச்சுவழக்கு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எங்கள் தெருவில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் பெண், ராத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் உள்ளே பார்த்து மகனிடம் சொல்வார்: "தம்பி, வண்டிக்குச் சார்ஜ் போட்டுடு." பெட்ரோல் போடு என்பதிலிருந்த 'போடு' அப்படியே இருக்கிறது, முன்னால் நிற்கும் சொல் மட்டும் மாறியிருக்கிறது.