கேனை நசுக்க எவ்வளவு பலம் வேண்டும்?

2020இல் கேரளத்தில் சி.பி.எம். கட்சியின் இளைஞர் அமைப்பான டிஒய்எஃப்ஐயைச் சேர்ந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பரும் தகரமும் சேர்த்து விற்று, முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ஒரு மன்றமோ பள்ளிக்கூடமோ பணம் திரட்ட நினைத்தால் இப்படி ஆக்ரி (பழைய சாமான்) சேர்ப்பது நல்ல யோசனைதான். நோம்பி (ஊர்த் திருவிழா) முடிந்த மறுநாள் தெருவில் கிடக்கும் கூல்டிரிங்ஸ் கேன்களே சாக்குக் கணக்கில் தேறும்.

ஆனால் கேன் ஏமாற்றும். ஓர் அலுமினியக் கேனின் எடை ஏறக்குறைய 14 கிராம். கிலோவுக்கு 70 கேன் வேண்டும். 100 லிட்டர் சாக்கை வாய்வரை நிரப்பினாலும் இரண்டரைக் கிலோ வந்தால் அதிகம், மீதி காற்று. ஆக்ரிக்கடைக்கு ஆட்டோவில் காற்றை ஏற்றிப்போனால் கிடைப்பது வாடகைக்கே சரியாகிவிடும். 115 மி.மீ. உயரக் கேனை 25 மி.மீ. வில்லையாக்கினால் அதே சாக்கில் சுமார் நான்கு மடங்கு போகும்.

கேனின் சுவர் 0.1 மி.மீ.தான், தலைமுடிப் பருமன். ஆனாலும் நெளியாத காலிக் கேன் மேல் பெரிய ஆள் ஒருவர் மெல்ல ஏறி நிற்கலாம். பாரம் சுவர் வழியாக நேராக, எல்லாப் பக்கமும் சமமாக இறங்குவதுதான் காரணம். அப்படி நிற்கும்போது யாராவது பக்கவாட்டில் விரலால் தட்டினால் கேன் சட்டென்று உட்கார்ந்துவிடும். தட்டிய இடத்தில் சுவர் கொஞ்சம் உள்வாங்குகிறது. மேலிருக்கும் பாரம் அந்த வளைவை இன்னும் வளைக்கிறது. வளைய வளையத் தாங்கும் சக்தி குறைகிறது. உருளை இப்படி வைர வடிவக் கட்டங்களாக மடிவதற்கு யோஷிமுரா வடிவம் என்று பெயர்.

அதாவது, பலம் அதிகம் தேவைப்படுவது முதல் மடிப்பு விழும் வரைதான். அப்புறம் சுலபம். கடைசியில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும்போது மறுபடி இறுகும். கேனை நசுக்குமுன் நடுவில் இருபுறமும் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினால், பாதி வேலை முடிந்தது.

மீதியை நெம்புகோல் வைத்த நசுக்கும் மெஷின் ஒன்று பார்த்துக்கொள்ளும். பாக்குவெட்டி மாதிரிதான்: ஒரு முனையில் கீல், அதை ஒட்டிப் பாக்கு, மறுமுனையில் கை. 75 செ.மீ. கைப்பிடியில் அழுத்தும் கட்டை கீலிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், பலம் ஐந்து மடங்காகும். 20 கிலோ இழுவை 100 கிலோ அழுத்தமாக இறங்கும். சும்மா கிடைப்பதில்லை; கட்டை 9 செ.மீ. இறங்கக் கை 45 செ.மீ. நகர வேண்டும்.

பலர் செய்யும் மாடலில் இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. மேல்பலகை வட்டமாக இறங்குவதால் கேன் முன்பக்கம் வழுக்கிப் பாயும். அழுத்தும் கட்டையைத் தனியாக ஒரு போல்ட்டில் தொங்கவிட்டு, 70 மி.மீ. இடைவெளியில் நிறுத்திய இரண்டு ஆங்கிள் இரும்புக்கு (L வடிவக் கம்பி) நடுவே ஓடவிடுங்கள். 66 மி.மீ. விட்டமுள்ள சாதாரணக் கேன் அதில் நேராக நிற்கும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்துவிடுவார்கள். மொத்தத்தையும் சுவரில் அறைந்துவிட்டால், இழுக்கும்போது ஆடாது.

அடித்தட்டில் ஒரு துளை அவசியம். மிச்சமிருக்கும் சர்க்கரைத் தண்ணீர் வழியாவிட்டால் எறும்பு மட்டுமல்ல பிரச்சினை. மடிப்புக்குள் சிக்கிய ஈரம், பின்னால் கேனை உருக்கும் உலையில் 660 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிக் கிடக்கும் அலுமினியத்துக்குள் போனால் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். எனவே கேனைக் கவிழ்த்து வெயிலில் காயவிட்டு நசுக்குவதே சரி. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஒட்டினால் அது இரும்புத் தகரம், தனிச் சாக்கு. கொசு மருந்து, சென்ட் ஸ்ப்ரே டப்பா எதையும் இந்த மெஷின் பக்கமே கொண்டுவராதீர்கள். உள்ளே வாயு இருக்கும், வெடிக்கும்.