வெண்புள்ளி நோய்: மருந்து எந்தப் பருவத்தைத் தாக்குகிறது?

வீட்டில் நன்னீர் மீன் தொட்டி வைத்திருப்போர் பெரும்பாலும் ஒருமுறையேனும் வெண்புள்ளி நோயை எதிர்கொள்கிறார்கள். மீனின் துடுப்புகளிலும் உடலிலும் உப்புத்தூளைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. மருந்து ஊற்றிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவை உதிர்ந்துவிட, நோய் தீர்ந்தது என்று மருந்தும் நிறுத்தப்படுகிறது. அடுத்த வாரமே புள்ளிகள் முன்னைவிடப் பல மடங்காகத் திரும்பி வரும்போது பழி மருந்தின்மேல் விழுகிறது. பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை, அதை நிறுத்திய நாளில் இருக்கிறது. ஏனெனில், புள்ளி உதிர்வது மருந்தின் வேலையே அன்று. மருந்து போடாவிட்டாலும் அந்தப் புள்ளிகள் அதே நாளில்தான் உதிர்ந்திருக்கும்.

இந்நோய்க்குக் காரணம் 'இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ்' என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. உடல் முழுவதும் நுண்ணிய இழைகள் மூடியிருக்க, அவற்றை அசைத்து அது நீந்துகிறது. மீன் வளர்ப்போர் சுருக்கமாக 'இக்' என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வெண்புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்குள்ள செல்களைத் தின்று வளரும் ஓர் ஒட்டுண்ணி. முற்றும்போது அது அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கிறது. தோலைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அது மெல்ல உருண்டுகொண்டே இருப்பதும், உள்ளே குதிரை லாடம்போல் வளைந்த உட்கரு இருப்பதும் தெளிவாகத் தெரியும். லாட வடிவ உட்கருவைக் கண்டுவிட்டால் வேறு நோயோ என்ற ஐயத்துக்கு இடமில்லை.

ஒட்டுண்ணி தோலின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, தோலுக்குள் இருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மீனின் திசுவே அதற்குக் கூரையாகிவிடுவதால், மீனுக்குத் தீங்கு செய்யாத அளவில் நீரில் கலக்கப்படும் மருந்து எதுவும் அதை அங்கே எட்டிக் கொல்வதில்லை. வளர்ந்து முற்றிய ஒட்டுண்ணி தானாகவே தோலைத் துளைத்து வெளியேறி, சில மணி நேரம் நீந்திவிட்டு, சரளைக்கல், செடியின் இலை, வடிகட்டியின் பஞ்சு என ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் தன்னைச் சுற்றிப் பசைபோன்ற உறையொன்றைச் சுரந்து, அதற்குள் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. ஓர் உறையிலிருந்து சில நூறு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஒட்டுண்ணிகள் வெளிவரலாம். இந்த உறையையும் மருந்து எளிதில் ஊடுருவாது.

உறை உடைந்து வெளிவரும் இளம் ஒட்டுண்ணிக்கு இரண்டு பாதுகாப்புகளும் இல்லை. நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட எட்டாத அந்த உயிர், ஓரிரு நாள்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்துத் தோலையோ செவுளையோ துளைத்துப் புகவேண்டும்; முடியாவிட்டால் இறந்துவிடும். நாம் பயன்படுத்தும் எந்த மருந்தும் உண்மையில் கொல்வது முதன்மையாக இந்தப் பருவத்தைத்தான். ஆகவே மருந்து நீரில் காத்திருக்க வேண்டும். மீனின் உடலில் உள்ள ஒவ்வோர் ஒட்டுண்ணியும் முற்றி, உதிர்ந்து, பிரிந்து, உறையை விட்டு வெளிவரும்வரை அதன் செறிவு குறையாமல் இருக்க வேண்டும். புள்ளிகள் மறைந்து மீன் பளிச்சென்று தெரியும் நாள்களில்தான் தொட்டியின் அடியில் பெருக்கம் உச்சத்தில் இருக்கிறது. அந்த நாள்களில் மருந்தை நிறுத்தினால், இளம் ஒட்டுண்ணிகள் வெளிவரும் நேரம் பார்த்து வழிவிட்டதாக ஆகும்.

நோய் திடீரென்று வெடிப்பதாகத் தோன்றுவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். ஓர் உறையிலிருந்து வரும் 500 இளம் ஒட்டுண்ணிகளில் 10 மட்டுமே மீனை அடைகின்றன என்று வைத்துக்கொள்வோம்; அடுத்த சுற்றில் 100, அதற்கடுத்த சுற்றில் 1000. முதற்சுற்று ஒன்றிரண்டு புள்ளிகளோடு, பல நேரம் செவுளுக்குள் மறைந்தே, கடந்துபோயிருக்கும். உயிரிழப்பும் பெரும்பாலும் செவுளிலிருந்தே வருகிறது: சேதமடைந்த செவுள் ஆக்சிஜனை எடுக்க முடியாமலும் உடலின் உப்புச் சமநிலையைக் காக்க முடியாமலும் தவிக்கிறது. உடலில் புள்ளியே இல்லாத மீன் வேகமாக மூச்சுவிடுவதும், கல்லில் உடலை உரசிக்கொள்வதும், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும் அலட்சியம் செய்யத்தக்க அறிகுறிகள் அல்ல. அதே நேரத்தில், வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்நோயும் அன்று. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் வரிசையாக எழும் வெண்முகிழ்கள் இயல்பானவை, அவற்றுக்கு மருந்து தேவையில்லை.

இந்தச் சுழற்சியின் வேகத்தைத் தீர்மானிப்பது நீரின் வெப்பநிலை. 25 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 டிகிரியில் அதற்கு ஒரு மாதத்துக்கும் மேலாகலாம். அதனால்தான் சிகிச்சையின்போது வெப்பநிலையை உயர்த்தச் சொல்கிறார்கள்: ஒட்டுண்ணி மருந்துக்கு வசப்படும் பருவத்துக்கு விரைவாக வந்துசேரும். 30 டிகிரியைத் தொடும்போது இந்த ஒட்டுண்ணியின் பல வகைகள் பெருகும் திறனையே இழக்கின்றன, ஆனால் அந்த வெப்பத்தையும் தாங்கும் வகைகள் உண்டு என்பதால் வெப்பத்தை மட்டுமே நம்புவது சரியன்று. குளிர்நீர் மீன்களுக்கு இந்த முறை பொருந்தவும் பொருந்தாது. உயர்த்துவதானாலும் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற அளவில் படிப்படியாக உயர்த்த வேண்டும். மேலும், 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்குகிறது. செவுள் பழுதான மீனுக்கு இந்தக் குறைவு பெரிது. எனவே வெப்பத்தைக் கூட்டும் முன்பே ஏர் பம்ப்பைக் கூட்டியாக வேண்டும்.

மருந்துகளில் மாலகைட் கிரீன், ஃபார்மலின், இரண்டும் சேர்ந்த கலவை, காப்பர் சல்பேட், சாதாரண உப்பு ஆகியவை நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளன. மாலகைட் கிரீன் வீரியமானது. ஆனால் உணவுக்காக வளர்க்கப்படும் மீன்களுக்கு அதைப் பயன்படுத்துவது பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது, கையாளும்போது கையுறை அவசியம். ஃபார்மலின் நீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்கக்கூடியது. தாமிரம் நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். கரைந்த தாதுக்கள் குறைந்த மென்னீரில் மீனுக்கே ஆபத்தாகும். கெளுத்தி போன்ற செதிலற்ற மீன்களும், லோச் (அயிரை இனம்) போன்ற மிக நுண்ணிய செதில் கொண்டவையும் இம்மருந்துகளை எளிதில் தாங்குவதில்லை. என் கணிப்பில், நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட வீட்டுத் தொட்டியில் உப்பும் மிதமான வெப்பமும் தினசரி அடிமட்டச் சுத்தமும் சேர்ந்த முறையையே முதலில் கைக்கொள்ளலாம். செடிகள் அடர்ந்த தொட்டியாக இருந்தால் உப்பு அவற்றைப் பாதிக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் அளவு பிசகக்கூடாது. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 40 உயரம் உள்ள தொட்டியை 72 லிட்டர் என்று சொல்வோம். ஆனால் மேலே 5 சென்டிமீட்டர் இடைவெளியும் அடியில் 5 சென்டிமீட்டர் சரளையும் போக, அதில் இருக்கும் நீர் சுமார் 55 லிட்டர்தான். 72 லிட்டருக்கு மருந்து ஊற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிடும். உப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் சேர்ப்பதானால் 110 கிராம் தேவை. அதை நீரில் கரைத்து, ஓரிரு நாள்களில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். பிறகு 15 லிட்டர் நீரை மாற்றும்போது புதுநீரில் 30 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போதோ உப்பு சேர்க்கக்கூடாது, ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. மருந்து பயன்படுத்தும்போது வடிகட்டியில் உள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தைக் கரி உறிஞ்சிவிடும்.

சைஃபன் குழாயால் சரளையின் அடியை நாள்தோறும் உறிஞ்சி எடுப்பதைப் பலர் வெறும் துப்புரவு வேலையாக நினைக்கிறார்கள். மருந்து எட்டாத உறைகளை நாம் நேரடியாக அகற்றக்கூடிய ஒரே வழி அதுதான். ஒரு லிட்டர் அடிநீரோடு வெளியேறும் சில உறைகள், ஆயிரக்கணக்கான இளம் ஒட்டுண்ணிகள் பிறக்காமலே போவதற்குச் சமம். 25, 26 டிகிரியில் இந்தச் சிகிச்சை மொத்தம் இரண்டு வாரம் அளவுக்கு நீளும்; கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமேனும் தொடர வேண்டும்.

தப்பிப் பிழைத்த மீன்கள் ஒட்டுண்ணிக்கு எதிரான நோயெதிர்ப்பைப் பெறுகின்றன. ஒட்டுண்ணியின் மேற்புறப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அவற்றின் தோலிலும் குருதியிலும் உருவாகின்றன. ஆயினும் அத்தகைய மீனின் செவுளில் ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகள் தங்கியிருக்கக்கூடும். எந்தத் தொட்டியிலும் இந்நோய் எப்போதும் உறங்கிக் கிடக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இதுவே அடிப்படை. மீனே இல்லாத நீரில் இந்த ஒட்டுண்ணி நெடுநாள் வாழாது. எனவே புதிய மீன்களைத் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்து, அத்தொட்டிக்கெனத் தனி வலையும் குழாயும் பயன்படுத்துவது பலன் தரும். மீன்கள் இருந்த தொட்டியிலிருந்து வரும் செடிகளையும் நத்தைகளையும், அவற்றில் உறைகள் ஒட்டியிருக்கலாம் என்பதால், 25 டிகிரி வெதுவெதுப்பில் மீனில்லா நீரில் இரண்டு வாரம் வைத்திருந்த பிறகே உள்ளே சேர்க்க வேண்டும்.