காலச்சுரங்கம் – சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘ரைம் ரனல்’ (Time Tunnel). இந்தப் பெயரில் 1966 செப்ரெம்பரில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு விஞ்ஞானப் புனைவுத் தொடர் தொடங்கியது. தயாரித்தவர் இர்வின் அலன். 30 அங்கங்களோடு 1967 ஏப்ரலில் நின்றுபோனது.

தொடரில் வரும் சுரங்கம் அரிசோனாப் பாலைவனத்துக்கு அடியில் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கிச் சிறுத்துப் போகும் வளையங்களுக்குள் நடந்து போகிறவர் வேறொரு காலத்தில் போய் விழுவார். முதல் அங்கத்தில் விஞ்ஞானி ரோனி நியூமன் விழுவது 1912 ஏப்ரலில், ரைற்றானிக் கப்பலில். அவரைத் தேடிச் சக விஞ்ஞானி டக் பிலிப்ஸும் போகிறார். கட்டுப்பாட்டறையில் இருப்பவர்கள் இருவரையும் திரையில் பார்க்கலாம், இன்னொரு காலத்துக்கு மாற்றிவிடலாம். சொந்தக் காலத்துக்குக் கொண்டுவரத்தான் முடியாது.

தமிழ்ச் சொல்லைத் தெரிவுசெய்யும்போது இந்த இயங்குமுறையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதிய நாவலில் பயணி ஒரு கருவியில் ஏறி உட்கார்ந்து, அதோடு சேர்ந்தே காலத்தைக் கடக்கிறார். அது ஊர்தி. அதற்குக் ‘கால இயந்திரம்’ பொருந்தும். ‘ஏறினார்’, ‘ஓட்டினார்’ என்றும் எழுதலாம். அலனின் சுரங்கமோ இருந்த இடத்திலேயே இருக்க, ஆள் மட்டும் போகிறார். ஆகவே ‘காலச்சுரங்கத்தினூடாகப் போனார்’ என்பதே சரி. இரண்டையும் கால இயந்திரம் என்றே எழுதினால், அந்த இருவரும் ஏன் திரும்ப முடியாமல் அலைகிறார்கள் என்பது வாசகருக்குப் பிடிபடாது. ஏறிவர அவர்களிடம் வண்டி இல்லை.

‘ரனல்’ பீப்பாயைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் பறவை பிடிக்கும் குழாய் வடிவ வலைக்கு வழங்கி, பின்னரே நிலத்தடிப் பாதைக்கு ஆனது. நமது ‘சுரங்கம்’ வடமொழிச் ‘சுருங்கா’வோடு உறவுடையது, அதன் மூலம் குழலைக் குறிக்கும் கிரேக்கச் ‘சிரிங்ஸ்’ என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது யானைகள் கூட்டமாய்ப் போகும் ‘சுருங்கை வீதி’ வருகிறது. கனிமம் தோண்டும் குழியும் சுரங்கமே என்பதால் ‘காலச்சுருங்கை’ இன்னும் கூர்மையான சொல்லாக இருந்திருக்கும். ஆனால் சுருங்கை இன்று வழக்கில் இல்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் உள்ள பழைய கட்டடமான மந்திரிமனையில் சுரங்கம் இருந்தது என்று கேட்டு வளர்ந்தவருக்குச் சுரங்கம் என்றதும் வழிதான் நினைவுக்கு வரும். அது போதும்.

‘காலச்சுரங்கம்’ ஒரே சொல்லாக, ச் மிகுந்து வரவேண்டும். பிரித்தால் பொருள் மாறும் இடங்கள் உண்டு: ‘ஒல்லாந்தர் காலச் சுரங்கம்’ ஒல்லாந்தர் ஆட்சியில் வெட்டிய சுரங்கம். ‘காலத்துச் சுரங்கம்’ என்றாலும் அதே சிக்கல்.

‘நேரச்சுரங்கம்’, ‘நேரப்பயணம்’ வேண்டாம். உயர்தரப் பௌதிகவியலில் ‘இடப்பெயர்ச்சி–நேர வரைபு’ கீறிப் பழகியவருக்கு நேரம் என்பதே முதலில் கைக்கு வரும். அங்கே அது சரி, செக்கனில் அளக்கப்படுவது நேரம். ரோனியும் டக்கும் போவது இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும். அதனால் காலப்பயணம், காலப்பயணி, காலச்சுரங்கம்.